பதில்: ஏலத்தில் நான் கேட்கும் விலையைக் கண்டுகொள்வதில்லை

தங்கச்சி, பாம்பன் நண்டு ஏலத்தில் நீங்கள் விலை கேட்டாலும் காதில் விழாததுபோல் ஆண் வியாபாரிக்கே முடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் நெஞ்சு கனத்தது. தொண்டியில் நண்டு வாங்கத் தொடங்கியபோது எனக்கும் அதேதான் நடந்தது.

ஏலத்தில் மல்லுக்கட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசுங்கள். ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் அவருக்குத்தான் சரக்கைப் போடுவார். கடன் இல்லாதவராகப் பாருங்கள். எடை போட்ட இடத்திலேயே பணத்தை எண்ணிக் கொடுங்கள். எனக்குச் சரக்குப் போட முதல் படகு கிடைத்தது அப்படித்தான்.

சொந்தத் தராசு கட்டாயம் வேண்டும். நண்டை வாங்குமுன் அடிப்பக்கத்தை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் இப்போதுதான் ஓடு மாற்றிய நண்டு. உள்ளே தண்ணீர்தான், சதை இருக்காது. நாலு பேர் முன்னால் ஒன்றைப் பிரித்துக் காட்டுங்கள், அப்புறம் அவர்கள் பேச்சே மாறும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு போகாது, நாட்டுப்படகு போகும். தொடங்க நல்ல நேரம். விலை ஏறும், கையில் பணம் வைத்திருங்கள்.

உங்களுக்குப் பக்கத்தில், சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்காக முன்னின்ற லட்சுமி 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருது வாங்கினார். அந்தப் பெண்களிடமும் பேசிப் பாருங்கள், கடற்கரையில் நின்று பழகியவர்கள்.

முதல் எடை போட்டதும் எழுதுங்கள், காத்திருப்பேன்.