ஸ்டோரேஜ் ஹீட்டர் உள்ள வீட்டில் கரண்ட் பில் ஏன் எகிறுகிறது? எப்படிக் குறைப்பது?

பிரிட்டனில் கேஸ் இணைப்பு இல்லாத ஃபிளாட்டுகளில் இந்த ஹீட்டர் அதிகம். ஸ்டோரேஜ் ஹீட்டர் என்பது கனமான செங்கற்கள் அடுக்கிய மின்சாரப் பெட்டி. இரவில் சூடேறி, பகலில் அந்தச் சூட்டை வெளியே விடும்.

காரணம் கட்டணத்தில் இருக்கிறது. ‘எகானமி 7’ திட்டத்தில் இரவு 7 மணி நேரம் யூனிட் விலை குறைவு. ஆனால் பகல் விலை சாதாரணத் திட்டத்தைவிட அதிகம். இரவில் தண்ணீர் வரும்போது தொட்டியை நிரப்பிப் பகலில் புழங்குவது போலத்தான். ஹீட்டரில் இரண்டு திருகுகள் உண்டு: இன்புட் திருகு இரவில் எவ்வளவு சூட்டை நிரப்புவது என்பதற்கு, அவுட்புட் திருகு அந்தச் சூட்டைக் குழாய் போலத் திறந்துவிட.

பலரும் கோட்டைவிடுவது அவுட்புட்டில். அதைத் திறந்தபடியே தூங்கினால் சேரும் சூடு இரவிலேயே கசிந்துவிடும். சாயங்காலம் வீடு சில்லிட, 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டரைப் போடுவோம். 5 மணி நேரத்துக்கு 10 யூனிட், அதுவும் பகல் விலையில்! படுக்கும் முன் அவுட்புட்டை மூடுங்கள், மறுநாள் மாலை திறங்கள். இன்புட்டை வானிலை பார்த்து மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் முன் பில்லைப் பாருங்கள். இரவு, பகல் என இரண்டு விலை இல்லாவிட்டால் நீங்கள் ஒற்றை விலைத் திட்டத்தில் இருக்கிறீர்கள். என்ன திருகினாலும் பெரிதாகக் குறையாது. வெந்நீர்த் தொட்டியும் இரவில்தான் சூடேற வேண்டும்.

இந்த ஹீட்டர் கரண்டை மிச்சப்படுத்தும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் சூடு எந்த மின் ஹீட்டரிலும் ஒன்றுதான், இரவு யூனிட்டின் விலைதான் மலிவு.