பெண்களைக் கவர்ச்சியாக, நிர்வாணமாகப் படமெடுப்பது கலையா, சுரண்டலா?

படத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. படத்தோடு சேர்ந்து கையெழுத்தான காகிதத்தைப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், "ஆர்ட்டிஸ்டிக்காக ஒரு ஷூட் பண்ணலாமா" என்று யாரோ உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும், அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1949-இல் டாம் கெல்லி என்ற புகைப்படக்காரர், ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவைச் சிவப்பு வெல்வெட் துணிமேல் நிர்வாணமாகப் படமெடுத்தார். மன்றோவுக்குக் கிடைத்தது 50 டாலர். படிவத்தில் 'மோனா மன்றோ' என்று கையெழுத்துப் போட்டார். 1953 டிசம்பரில் 'பிளேபாய்' முதல் இதழில் அந்தப் படம் வந்தபோது, அச்சிடும் உரிமைக்கான 500 டாலர், அந்தப் படத்தை வாங்கி வைத்திருந்த காலண்டர் கம்பெனிக்குப் போனது, மன்றோவுக்கு ஒன்றும் வரவில்லை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, ஏமாற்றவும் இல்லை. எல்லா உரிமையையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் தன் துணைவி சாரிஸ் வில்சனை 1936-இல் எடுத்த நிர்வாணப் படம் வேறு மாதிரி. சாரிஸ் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கீழே கவிழ்த்திருப்பார். வலது கையில் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. சாரிஸுக்கோ தலைவகிடு கோணலாக இருப்பதும் கொண்டை ஊசி தெரிவதும் உறுத்தல். கூட வேலை செய்தவர் பேசுகிற பேச்சு அது. இதில் வேடிக்கை என்னவென்றால், வெஸ்டனுக்கு 1937-இல் குகன்ஹைம் என்ற அறக்கட்டளையின் நிதி வாங்கித் தந்த விண்ணப்பத்தை விரித்து எழுதியதும், அவர் பெயரில் வந்த கட்டுரைகள் பலவற்றை எழுதியதும் சாரிஸ்தான். சுரண்டல் என்று தேடினால் அது நிர்வாணப் படத்தில் அல்ல, இந்தக் கட்டுரைகளில்தான் அகப்படும்.

மூன்றாவதாக, ஜப்பானியப் புகைப்படக்காரர் நொபுயோஷி அராக்கி. ஜப்பானில் அவரை மேதை என்கிறார்கள், படங்களைப் பார்த்தால் மறுக்கவும் முடியாது. அவருக்கு 2001 முதல் 2016 வரை மாடலாக இருந்த கவோரி, 2018-இல் தன் பதிவில் எழுதினார்: ஒப்பந்தமே இல்லை, தன் படங்கள் எங்கே எப்படி வருகின்றன என்பதைத் தீர்மானிக்கத் தனக்கு எந்த உரிமையும் இல்லை. படம் கலைதான், எடுத்த விதம் சுரண்டல். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

"அப்போ போட்டோகிராபர் எல்லாரும் அயோக்கியர்களா" என்று கமென்டில் வருவதற்கு முன்: இல்லை. தொழில் தெரிந்தவர் முந்தின நாளே, "இறுக்கமான எலாஸ்டிக் போட்டு வராதீர்கள், தடம் மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்" என்று சொல்லிவிடுவார். மயிர்க்கூச்செறிந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் தெரியும் என்பதால் அறையை 25 டிகிரிக்குக் குறையாமல் வைப்பார். ஒவ்வொரு இடைவேளையிலும் போர்த்திக்கொள்ள ஒரு அங்கி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கூட ஒருவரை அழைத்து வரச் சொல்வார். ஆனால் இதெல்லாம் தொழில் சுத்தத்துக்கு அடையாளம், நேர்மைக்கு அல்ல. நேர்மை ரிலீஸ் படிவத்தில், அதாவது படத்தைப் பயன்படுத்த மாடல் கையெழுத்திட்டுத் தரும் அனுமதிக் காகிதத்தில், இருக்கிறது.

வழக்கமான படிவத்தில் "எந்த நோக்கத்துக்கும், எந்த ஊடகத்திலும், என்றென்றைக்கும், திரும்பப் பெற முடியாதபடி" என்று ஒரு வரி வரும். பக்கத்திலேயே, படத்தை மாற்றவும் வேறு படத்தோடு சேர்க்கவும் சம்மதம் என்று இன்னொன்று. அது எழுதப்பட்ட காலத்தில் பின்னணியை வெட்டி ஒட்டுவதற்காக வந்தது. இன்று அதே வரியைக் காட்டி, உங்கள் உடம்பை ஏஐ கருவிக்குத் தீனியாகப் போடலாம் என்று வாதாட முடியும். அந்த இரண்டையும் அடித்துவிட்டு எழுதுங்கள்: எங்கெங்கே வெளியிடலாம், எத்தனை வருஷம், முகமும் உடம்பும் மாற்றக்கூடாது, ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கக்கூடாது, விற்றால் இத்தனை சதவீதம். "காசு கிடையாது, படம் தருகிறேன்" என்கிற ஏற்பாட்டில் இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

கையெழுத்தை இரண்டாகப் பிரியுங்கள். என்ன எடுக்கலாம், எது கூடாது என்பது உடை களைவதற்கு முன். எந்தப் படங்களை வெளியிடலாம் என்பது படங்களைப் பார்த்த பிறகு, ஃபைல் எண்ணோடு. இரண்டு மணி நேர ஷூட்டில் முந்நூறு, நானூறு ஃபிரேம் சாதாரணமாகச் சேரும், தேறுவது பதினைந்தோ இருபதோ. ஆபத்து மீதியில்தான்: நிலை மாறும்போது, கால் எடுத்து வைக்கும்போது தானாக விழுந்தவை. அவற்றை முப்பது நாளில் அழிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மெமரி கார்டு, லேப்டாப், பேக்கப் டிஸ்க், தானாக ஏறிக்கொள்ளும் கிளவுடு என்று நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிடாவிட்டால் ஒன்றை அழித்துவிட்டு "அழிச்சாச்சு" என்பார்கள். உதவியாளர் செல்போனில் எடுக்கும் 'திரைக்குப் பின்னால்' வீடியோவைப் பற்றிப் பெரும்பாலான படிவங்களில் ஒரு சொல்கூட இருக்காது. அறையில் ஒரு கேமராதான், செல்போன் வெளியே.

எட்டுப் பேர் பணம் கட்டி ஒரே மாடலைச் சுற்றி நிற்கும் பயிலரங்குக்கு மட்டும் போகாதீர்கள். எட்டு மெமரி கார்டை யார் பின்தொடர்வது?

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எடிட்டிங்கில் தோலைத் தேய்த்துத் தேய்த்து மெழுகுபொம்மை ஆக்குகிறார்களே, அதைக் கலை என்று யார் சொன்னது? நூறு சதவீதம் பெரிதாக்கினால் ஒரு மயிர்க்கால் தெரியாது. மணிக்கணக்காக லைட் வைத்ததே அந்தத் தோலுக்காகத்தான்!

கடைசியாக, படம் கசிந்துவிட்டால். சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க 2021 டிசம்பரில் வந்த 'ஸ்டாப் என்சிஐஐ' (StopNCII) இணையச் சேவை உங்கள் சாதனத்திலேயே படத்துக்கு ஒரு எண்குறி உருவாக்கி, அந்தக் குறியை மட்டும் அனுப்பும், படம் வெளியே போகாது. சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தக் குறியோடு பொருந்தும் படம் ஏறினால் பிடிபடும். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், படமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெட்டிச் சிறிதாக்கிய படம் தப்பிவிடலாம் என்பதால் கண்ணில் படும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிக் குறி போடுங்கள். இதற்காகவாவது, தேர்வான படங்களின் பிரதியை ஷூட் நடந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.