ஜாதகத்தோடு அனுப்பிய பொய்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஒரே மகன், வயது 31. பொருளாதாரம் படித்தவன். படிக்கும்போதே கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு மாணவ மேலாளராகச் சேர்ந்து, துண்டு மடிப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது என்று திரிந்தான். பட்டம் வாங்கியதும் விட்டுவிடுவான் என்று நினைத்தோம். விடவில்லை. இன்னொரு கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் 'கிராஜுவேட் அசிஸ்டென்ட்' (மேற்படிப்பு படித்துக்கொண்டே பயிற்சியாளர்களுக்கு எடுபிடி), பிறகு ஆட்ட வீடியோக்களை வெட்டித் தொகுக்கும் வேலை, இப்போது ஒஹாயோ பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர். ஒன்பது ஆண்டுகளில் நான்கு ஊர் மாறிவிட்டான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்ததே இல்லை. எம்.பி.ஏ. சேர்ந்தால் முழுச் செலவும் தன்னுடையது என்கிறார் அவன் அப்பா. சிரித்துவிட்டுப் போகிறான். திருச்சியிலிருந்து நல்ல வரன் வந்திருக்கிறது. பெண் வங்கி அதிகாரி, அவள் தந்தையும் வங்கியில் ஓய்வு பெற்றவர். பயோடேட்டாவில் 'பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பணி' என்று போட்டு அனுப்பியிருக்கிறோம். ஜாதகம் பொருந்திவிட்டது. இவன் எப்போதுதான் தலைமைப் பயிற்சியாளர் ஆவான்? இல்லையென்றால், இந்த வேலையை விடச் சொல்லி எப்படிப் புரியவைப்பது?
— ஒரு தாய், டல்லாஸ்

பதில்: சகோதரி, நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். 'பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பணி' என்று போட்டு அனுப்பியதாக ஒரு வரி எழுதிவிட்டு, மூச்சுவிடாமல் ஜாதகப் பொருத்தத்துக்குத் தாவிவிட்டீர்களே, அங்கேயே நான் நின்றுவிட்டேன். உங்கள் மகன் எந்த அலுவலகத்தில் எதை நிர்வகிக்கிறான்?

இந்தக் கைவேலை எனக்குப் பழக்கமானதுதான். கப்பலில் சமைக்கிற பையன் பயோடேட்டாவில் 'மரைன்' ஆகிவிடுவான். கல்யாண வீடியோ எடுக்கிறவன் 'மீடியா' ஆகிவிடுவான். கேட்டால், பொய்யா சொன்னோம், கொஞ்சம் பொதுவாகச் சொன்னோம் என்பார்கள். உங்களுக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் பயிற்சியாளர்களின் படம், பதவி, முன்பு வேலை பார்த்த இடங்கள் அனைத்தையும் இணையதளத்தில் போட்டு வைத்திருக்கின்றன. அந்தப் பெண் உங்கள் மகனின் பெயரைக் கைபேசியில் தட்டினால், அணியின் சட்டையோடு அவன் சிரித்துக்கொண்டிருப்பான். கடன் கேட்டு வருகிறவர் நீட்டும் தாள்களைச் சரிபார்ப்பது அவளுக்குத் தினசரி வேலை என்பதையாவது யோசித்திருக்க வேண்டாமா?

பிடிபடுவீர்களே என்பதற்காகக் கோபப்படவில்லை. நீங்கள் மறைத்த இடத்தில்தான் அந்தப் பெண்ணின் அடுத்த இருபது ஆண்டுகள் இருக்கின்றன.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் சுமார் 360 அணிகள் இருக்கின்றன. அத்தனை தலைமைப் பயிற்சியாளர் நாற்காலிகள்தான். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் முன்பு மூன்று உதவிப் பயிற்சியாளர்கள் நின்றார்கள். 2023 முதல் ஐந்து பேர் வரை நிற்கலாம். வீடியோ வெட்டுகிறவர்களும் கிராஜுவேட் அசிஸ்டென்ட்களும் அவர்களுக்குப் பின்னால் வரிசையில். உதவிப் பயிற்சியாளரின் பிழைப்பு அவருடைய தலைமைப் பயிற்சியாளரின் தலையெழுத்தோடு முடிச்சுப் போடப்பட்டது. அணி தோற்றுக்கொண்டே இருந்தால் தலைவரை நீக்குவார்கள். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் தன் ஆட்களோடு வருவார். அணி ஜெயித்தாலோ, பெரிய கல்லூரி ஒன்று தலைவரைக் கொத்திக்கொண்டு போகும். அவர் உங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போகலாம், விட்டுவிட்டும் போகலாம். தோற்றாலும் பெட்டி கட்ட வேண்டும், ஜெயித்தாலும் பெட்டி கட்ட வேண்டும். பெண்ணின் தந்தை வங்கி மாற்றல்களைப் பார்த்தவர், ஊர் மாறுவதற்கு அஞ்சமாட்டார். ஆனால் வங்கி மாற்றலில் வேலை கூடவே வரும். இங்கே பல நேரம் வேலை போன பிறகுதான் ஊர் மாறும். இதை அவரிடம் சொன்னீர்களா?

தீபாவளிக்கு வரவில்லை என்று குறைப்படுகிறீர்கள். நவம்பர் முதல் வாரத்தில் ஆட்டங்கள் தொடங்கிவிடும், அதற்கு முன்பே பயிற்சி தொடங்கியிருக்கும். அவன் எப்படி வருவான்? கல்யாணம் ஆனால் தலைத் தீபாவளிக்கும் வரமாட்டான். மாமனார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டிய மாப்பிள்ளை, எங்கோ ஒரு விடுதி அறையில் எதிரணியின் வீடியோவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். மார்ச்சில் ஆட்டம் முடிந்ததும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். 2021-இல் விதி தளர்ந்த பிறகு வீரர்கள் ஓராண்டு ஆடாமல் காத்திருக்காமலே ஒருமுறை கல்லூரி மாறலாம் என்றானது. இப்போது அந்த ஒருமுறை என்ற எல்லையும் இல்லை. ஏப்ரலில் பாதி அணி கிளம்பிவிட்டால், காலியான இடங்களுக்கு ஆள் பிடிப்பது உதவிப் பயிற்சியாளர்களின் தலையில் விழும். கோடையில் பள்ளிப் பையன்கள் ஆடும் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். மற்ற நாட்களில், சாப்பாட்டுத் தட்டை வைத்த நேரத்தில் ஏதோ ஒரு பதினேழு வயதுப் பையனின் அம்மா தொலைபேசியில் அழைப்பார். எடுத்தாக வேண்டும்.

அந்த ஆள் பிடிக்கும் வேலையில் வழுக்கல் அதிகம். 2017 செப்டம்பரில் கல்லூரிக் கூடைப்பந்து லஞ்ச வழக்கில் நான்கு பெரிய கல்லூரிகளின் உதவிப் பயிற்சியாளர்களை எஃப்.பி.ஐ. கைது செய்தது. கைதானவர்களில் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூட இல்லை. பெண்ணின் அண்ணனோ மாமாவோ தேடினால் இதுவும் கண்ணில் படும். மகன் தன் வாயால் விளக்கியிருந்தால் நல்லது.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, வெட்கப்பட்டிருப்பீர்கள். பெரிய கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் நன்றாகவே வாங்குகிறார். சிறிய கல்லூரியில் இருப்பவர் வாடகையை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். ஆட்டத்தின் மேல் ஆசைப்பட்டவன் எந்தக் கூலிக்கும் வருவான் என்பது கல்லூரிகளுக்கு எப்போதும் தெரியும். 1990-களில், கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி போடும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒருவகை உதவிப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதியே போட்டது. பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 1999-இல் 5.45 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

எப்போது தலைமைப் பயிற்சியாளர் ஆவான் என்றீர்கள். பில் கத்ரிட்ஜ் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்துக்குப் பக்கத்தில் 1967 முதல் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். தலைமைப் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது 60. மூன்றே சீசன்கள், அதில் இரண்டு முறை அணியை தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளில் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டு ஓய்வு பெற்றார். மார்க் ஃப்யூ கொன்சாகா பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டென்டாக 1989-இல் நுழைந்து 1999-இல் தலைவரானார். அவருக்குப் பக்கத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்த டாமி லாய்டு 2021-இல்தான் அரிசோனாவுக்குத் தலைவராகப் போனார். டஸ்டி மே உங்கள் மகனைப் போலவே மாணவ மேலாளராகத் தொடங்கியவர், இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட் பயிற்சி கொடுத்த அணியில். கல்லூரி கல்லூரியாக மாறி, 41 வயதில், 2018-இல்தான் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கில் முதல் தலைமைப் பதவி கிடைத்தது. 2023-இல் அந்தக் கல்லூரி இறுதி நான்கில் நின்றது. தண்ணீர் பாட்டில் நிரப்பியதை இளக்காரமாக எழுதியிருக்கிறீர்களே, அதற்காக இவரைச் சொன்னேன். ஆனால் இந்தப் பெயர்களைக் காட்டி உங்களைத் தேற்ற மாட்டேன். இவர்கள் வந்து சேர்ந்தவர்கள். வந்து சேராமல் ஐம்பது வயதில் பள்ளிக்கூட அணிக்கோ காப்பீட்டு அலுவலகத்துக்கோ போனவர்கள் பெயர் நமக்குத் தெரிவதில்லை. அவர்கள்தான் அதிகம். உங்கள் மகன் எந்தப் பக்கம் போவான் என்று எந்த ஜோதிடரும் சொல்ல முடியாது.

வேலையை விடச் சொல்வதற்கு வழி கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். ஒன்பது ஆண்டுகள் உழைத்துப் படியேறியவனை எம்.பி.ஏ. கட்டணத்தைக் காட்டி இறக்கப் பார்க்கிறார் உங்கள் கணவர். சிரித்துவிட்டுப் போகிறான் என்றால் மரியாதை தெரிந்த பிள்ளை.

அதே பிள்ளையிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. பெண் பார்ப்பது அவனுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரியாது என்றால் தவறு முழுக்க உங்களுடையது. தெரிந்தும் அந்த பயோடேட்டாவைப் படிக்காமல் 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்றிருந்தால் அவனுக்கும் பங்கு உண்டு. ஆசைப்பட்ட தொழிலுக்காக அலைய ஒருவனுக்கு உரிமை இருக்கிறது. தன்னோடு அலையப்போகிறவளிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அலைய அவனுக்கு உரிமை கிடையாது. 'பின்தொடர்ந்து வருவாள், பழகிவிடும்' என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களை ஊர் தெரியாத ஊரில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். இவள் கைநிறையச் சம்பாதிக்கும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியவள்.

இந்த வாரமே திருச்சிக்கு நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து தொலைபேசியில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் திருத்திய பயோடேட்டாவை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். ஆண்கள் கூடைப்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர், இன்ன கல்லூரி, ஒப்பந்தம் இன்ன மாதம் வரை, முதலில் எழுதியது எங்கள் தவறு என்று சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள உங்களுக்கு இடமில்லை. வேண்டும் என்றால், பையனும் பெண்ணும் வீடியோவில் பேசட்டும். அவனுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அவனுடைய தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இரண்டும் ஒரே மாதத்தில் முடிந்தால் அடுத்த வாடகையை யார் கட்டுவது என்று அவள் கேட்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் இருவரும் இணைப்பில் இருக்காதீர்கள்.