படை அனுப்பாமல் ஆட்சியைக் கவிழ்க்க முடியுமா?

ஒரு வல்லரசு படையே அனுப்பாமல் இன்னொரு நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 1953-ல் ஈரானில் அதுதான் நடந்தது.

பிரதமர் மொசாடெக் 1951-ல் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கினார். அதுவரை அது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. ஈரான் எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் பிரிட்டன் தடுத்தது, கஜானா வறண்டது. அப்புறம் அமெரிக்காவின் உளவு அமைப்பான சிஐஏ பிரிட்டனோடு கைகோத்தது. பத்திரிகைகளுக்கும் தெருச் சண்டியர்களுக்கும் பணம் போனது. கம்யூனிஸ்டுகள் போல நடித்து மதகுருமார்களை மிரட்டவும் ஆட்களை வைத்திருந்தார்கள். எனக்கு மிகவும் கேவலமாகப் படுவது இதுதான்: ஈரான் மக்களையே ஒருவருக்கொருவர் எதிரியாக்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15 இரவு, ஈரான் மன்னர் ஷா கையெழுத்திட்ட பதவிநீக்க ஆணையோடு மொசாடெக் வீட்டு வாசலுக்குப் போன கர்னலைக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். சரி, முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் நாலே நாளில், 19-ம் தேதி, ஷா ஆதரவுக் கூட்டமும் ஈரான் ராணுவத்தின் டாங்கிகளும் அதே வீட்டைத் தாக்கின.

மொசாடெக்குக்கு மூன்றாண்டு சிறை. பிறகு 1967-ல் சாகும்வரை வீட்டுக்காவல். 1954-ல் வந்த எண்ணெய் ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதம் கிடைத்தது.