டிஸ்னி வேர்ல்டு கோட்டையில் இருக்கும் ரகசிய அறைக்குப் பணம் கட்டினால் போக முடியுமா?

முடியாது. கோட்டைக்குள் போகலாம், அந்த அறைக்குத்தான் போக முடியாது.

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் மேஜிக் கிங்டம் என்ற பார்க்கின் நடுவில் நிற்கிறதே, 189 அடி உயர சிண்ட்ரெல்லா கோட்டை, அதன் மாடியில் ஓர் உணவகம் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டு யாரும் போகலாம், பில்லை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். அதற்கும் மேலேதான் நீங்கள் கேட்கிற அறை. வால்ட் டிஸ்னியின் குடும்பத்துக்காக என்று யோசித்து வைத்த இடம் அது, ஆனால் அவர் 1966-லேயே போய்விட்டார், பார்க் திறந்தது 1971-ல். பிறகு 2006-ல் ஆரம்பித்த ஒரு பரிசுத் திட்டத்துக்காகத்தான் அதைத் தங்கும் அறையாக மாற்றினார்கள், பரிசு விழுந்த ஒவ்வொரு குடும்பமும் ஓர் இரவு தங்கியது. வாடகை என்று எதுவும் கிடையாது, அவர்களாகக் கூப்பிட்டால்தான் உண்டு.

என்னைக் கேட்டால் மேலே போக ஆசைப்படுவதைவிடக் கீழே போங்கள். அதற்கு டிக்கெட்டே இருக்கிறது. 'கீஸ் டு த கிங்டம்' என்று ஒரு டூர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், நடந்து நடந்து கால் ஓய்ந்துவிடும். பார்க்குக்கு அடியில் ஓடும் 'யூட்டிலிடார்' என்ற சுரங்கப்பாதைக்குக் கூட்டிப் போவார்கள். சுரங்கம் என்று சொல்கிறோமே தவிர அதுதான் உண்மையான தரைமட்டம்! ஃப்ளோரிடாவில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், அதனால் பாதையைத் தரையிலேயே கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி நிரப்பி, அதன் மேல் பார்க்கை வைத்திருக்கிறார்கள். அதாவது நாம் வரிசையில் நிற்பதே மாடியில்தான்.

உள்ளே மாயாஜாலம் எதுவும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தா மாதிரி இருந்தது. டியூப் லைட், தலைக்கு மேல் குழாய்கள், மேலே எந்தப் பகுதி என்று தெரிவதற்குச் சுவரில் வண்ண அடையாளம். ஒரு குழாயில் திடீரென்று உஸ்ஸ்ஸென்று ஏதோ பறந்தது, என்னவென்று பார்த்தால் குப்பை. மேலே தொட்டியில் சேர்வதைக் காற்றால் உறிஞ்சி அனுப்புகிறார்கள். போட்டோ எடுக்க விடமாட்டார்கள், போனை உள்ளே வைக்கச் சொல்லிவிடுவார்கள்.

16 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. என் அக்கா பையனுக்கு 12. "நீங்க மட்டும் போங்க சித்தி" என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

அவனுக்கும் ஒரு நாள் வாய்த்தது, அது வேறு ஒரு பார்க், பெயர் வேண்டாம். பேய் வீட்டு ரைடு பாதியில் நின்று, இருபது நிமிடம் இருட்டில் உட்கார வைத்து, அப்புறம் எல்லா விளக்கையும் போட்டுவிட்டார்கள். ஊழியர் ஒருவர் வந்து கம்பியைத் தூக்கிவிட்டு, ஓரமாக இருந்த நடைபாதை வழியாக எங்களைக் கூட்டிப் போனார். (நின்றதும் நீங்களாக இறங்கிவிடாதீர்கள், ரைடு எப்போது திரும்ப நகரும் என்று தெரியாது. அதேபோல் 'ஊழியர் மட்டும்' என்று எழுதிய கதவைத் தள்ளிப் பார்த்தால் பார்க்கை விட்டே வெளியேற்றிவிடுவார்கள்.) கறுப்புப் பெயின்ட் அடித்த பலகைகள், ஒரு வாளி, மாப்பு, கல்லறைக்குப் பின்னால் யாரோ தொங்கவிட்ட ஸ்வெட்டர். பையன் ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்தான். வெளியே வந்ததும் அவன் அம்மாவிடம் முதலில் சொன்னது, "பேய்க்கு முதுகே இல்லம்மா, வெறும் ஒயர்தான்."