மின்சாரக் கேள்விகள்: நிலக்கரியா, எரிவாயுவா?

பதில் சொல்பவர்: அனல்மின் நிலையத்திலும் எரிவாயு நிலையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மின் பொறியாளர்.

மன்னார்குடி வாசகர்: கேஸை எங்கள் மண்ணிலிருந்து எடுக்கிறார்கள். பக்கத்துத் திருமாக்கோட்டையிலேயே கேஸ் மின் நிலையம் இருக்கிறது. ஒடிசாவிலிருந்து கப்பலேறி வரும் நிலக்கரியை விட இந்தக் கரண்ட்தானே மலிவாக இருக்க வேண்டும்?

நியாயமாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் ஊர் கேஸுக்கு உங்கள் ஊரில் யாரும் விலை வைப்பதில்லை. ஓஎன்ஜிசி எடுத்து, கெயில் நிறுவனம் குழாய் வழியாக அனுப்பும் அந்த கேஸின் விலை டெல்லியில் முடிவாகிறது. 2023 ஏப்ரலில் மாற்றிய கணக்குப்படி, இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம். 4 டாலருக்குக் கீழே இறங்காது. அப்போது வைத்த உச்சவரம்பு 6.5 டாலர். இது ஒரு எம்எம்பிடியுவுக்கு, அதாவது சுமார் 2,52,000 கிலோகலோரி வெப்பத்துக்கு உண்டான விலை.

ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் டர்பைனின் சூட்டை வீணாக்காமல் நீராவி டர்பைனையும் ஓட்டுகிற நல்ல கம்பைன்டு சைக்கிள் நிலையம், யூனிட்டுக்கு 1,800 கிலோகலோரி அளவில் தின்னும். ஒரு எம்எம்பிடியுவில் 140 யூனிட் வரும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், 6.5 டாலர் கேஸில் எரிபொருள் செலவு மட்டும் யூனிட்டுக்கு 4 ரூபாயை நெருங்குகிறது. குழாய்க் கட்டணம், வரி எல்லாம் தனி. சின்ன, பழைய மெஷின் இன்னும் கூடுதலாகவே தின்னும்.

நிலக்கரி பக்கம் வாருங்கள். ஒரு யூனிட்டுக்கு நம் கரி சுமார் 700 கிராம் வேண்டும். டன் 5,000 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது என்று வைத்தால் மூன்றரை ரூபாய். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்க வாசலில் அதே கரியின் விலை இதில் ஒரு சிறு பங்குதான். மீதியெல்லாம் பாரதீப் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ கப்பல், மேட்டூருக்கு என்றால் மறுபடி ரயில். கரியை விட அதன் பயணச் செலவு அதிகம். அப்படி வந்தும் அது தாக்குப்பிடிக்கிறது, பாருங்கள்.

இன்னொன்று, அளவு. திருமாக்கோட்டை, குத்தாலம், வழுதூர், சென்னை பேசின் பிரிட்ஜ் நான்கும் சேர்த்தே 516 மெகாவாட். மேட்டூரில் பின்னால் கட்டிய ஒற்றை கரி ஜெனரேட்டரே 600 மெகாவாட். பேசின் பிரிட்ஜை இந்தக் கணக்கில் சேர்ப்பதே தாராளம். அது நாப்தாவுக்காக, அதாவது கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் ஒரு திரவ எரிபொருளுக்காகக் கட்டியது. நாப்தா விலையில் அதை ஓட்ட யாருக்கும் மனம் வராது.

திருச்சி வாசகி: ஹூஸ்டனில் இருக்கும் என் மகன், "அமெரிக்காவில் நிலக்கரி காலமே முடிந்துவிட்டது, கேஸ்தான் மலிவு" என்கிறான். நாம் மட்டும் ஏன் இன்னும் உடன்குடியில் கரி நிலையம் கட்டுகிறோம்?

தம்பி சொல்வது ஹூஸ்டனுக்கு முழுக்கச் சரி. 2005-ல் அமெரிக்க மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி நிலக்கரியில் வந்தது. பாறையைப் பிளந்து ஷேல் கேஸ் எடுக்க ஆரம்பித்தார்கள், விலை சரிந்தது. 2016-ல் கேஸ் கரியை முந்தியது. 2020-ல் அங்கே சராசரி விலை எம்எம்பிடியு 2 டாலர்தான். மேலே போட்ட கணக்கில் அதை வைத்துப் பாருங்கள், யூனிட்டுக்கு ஒன்றேகால் ரூபாய்கூட வராது. இந்த விலையில் எந்தக் கரி நிலையம் நிற்கும்? யாரும் தடை போட்டு மூடவேண்டிய அவசியமே பெரிதாக இல்லை.

ஆனால் அந்த கேஸ் நமக்கு வர, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி, அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்றி, எண்ணூர் மாதிரி முனையத்தில் இறக்கி மறுபடி வாயுவாக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் டாலர் ஏறும். 10 டாலருக்கு வந்தாலே எரிபொருள் செலவு யூனிட்டுக்கு 6 ரூபாய்.

அதையாவது ஒரே விலையாகக் கொடுப்பார்களா என்றால், அதுவும் இல்லை. 2020 கோடையில் ஆசியச் சந்தையில் எல்என்ஜி, அதாவது இப்படித் திரவமாக்கிய கேஸ், 2 டாலருக்கும் கீழே கிடந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில் 80 டாலரைத் தாண்டியது. அதே டர்பைன், அதே ஆட்கள். ஒரு யூனிட் 1 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அந்த வருடம் வெளிநாட்டுக் கரியும் கன்னாபின்னாவென்று ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நமக்கு உள்நாட்டுக் கரி என்று ஒன்று இருந்தது.

உள்நாட்டு கேஸை நம்பியும் ஏமாந்தாயிற்று. 2009-ல் ஆந்திரக் கடலோரம் கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் டி6 என்ற வயலில் கேஸ் பாய ஆரம்பித்தது. 2010-ல் நாளுக்கு சுமார் 6 கோடி கன மீட்டர். அதை நம்பி ஆந்திராவில் வரிசையாக மின் நிலையம் கட்டினார்கள், வங்கிகளும் கடன் கொடுத்தன. கொஞ்ச வருடத்தில் உற்பத்தி சரிந்தது. எரிக்க கேஸ் இல்லாமல் புது டர்பைன்கள் சும்மா நின்றன. 2024 நிலவரப்படி நாட்டில் கேஸ் நிலையங்களின் திறன் சுமார் 25,000 மெகாவாட். மொத்த மின்சாரத்தில் அவற்றின் பங்கு 2 சதவீதம்.

கரூர் வாசகர்: வீட்டு சிலிண்டரில் வருவதும் இந்த கேஸ்தானா?

இல்லை. சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன். மின் நிலையத்துக்குப் போவது மீத்தேன்.

எண்ணூர் வாசகி: கரி மலிவு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். எங்கள் கழிமுகத்தில் வந்து விழும் சாம்பலுக்கு யார் விலை போட்டார்கள்?

யாரும் போடவில்லை அம்மா. நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு 35, 40 பங்கு சாம்பல். புகையிலிருந்து கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைக்கச் சொல்லி 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கருவிக்கான காசு மின்கட்டணத்தில் ஏறாததற்கு நகரத்துக்காரர்கள் சந்தோஷப்படலாம். நான் மேலே சொன்ன மூன்றரை ரூபாயில் உங்கள் மீனும் நண்டும் இல்லை. கேஸ் நிலையத்தில் சாம்பல் கிடையாது, கரியமில வாயுவும் ஏறக்குறையப் பாதிதான். இதற்கெல்லாம் விலை போட்டிருந்தால் முதல் கேள்விக்கு என் பதிலே மாறியிருக்கும்.

கோவை வாசகர்: அப்படியானால் சும்மா நிற்கும் கேஸ் நிலையங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். மாலை 6 மணிக்கு சோலார் படுத்துவிடும், அதே நேரம் வீட்டுக்கு வீடு ஏசி ஓட ஆரம்பிக்கும். ஆறிப்போன கரி பாய்லரைச் சூடாக்கி லைனில் சேர்க்கப் பல மணி நேரம் வேண்டும், கேஸ் டர்பைன் நிமிடக் கணக்கில் ஏறிவிடும். 2024 மே, ஜூனில் மத்திய அரசு உத்தரவு போட்டு கேஸ் நிலையங்களை ஓட்டவைத்தது இதற்காகத்தான். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு யூனிட் 10 ரூபாய் ஆனாலும் பவர் கட்டை விட அது மேல். இப்போது அந்த வேலைக்கும் பேட்டரி போட்டிக்கு வருகிறது, அதன் விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இருப்பதை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்று கட்டப்போகிறோம் என்று யாராவது வந்தால், 15 வருடத்துக்கான கேஸ் ஒப்பந்தத்தை முதலில் மேஜையில் வையுங்கள், அப்புறம் பேசலாம் என்பேன்.