மூன்று நோட்டீஸ், ஒரு ஓட்டு: சின்னக் கட்சியை எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஐயா, எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். பெரிய கட்சிகளுக்கே மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துவிட்டது. வரும் சட்டமன்றத் தேர்தலில் ஒரு சின்னக் கட்சிக்குப் போடலாம் என்றிருக்கிறேன். வீட்டுக்கு மூன்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒன்று கள் இறக்க அனுமதி என்கிறது, இன்னொன்று குடும்பத்துக்கு ஒரு நாட்டு மாடு என்கிறது, மூன்றாவது வருமான வரியை ஒழிப்போம், லஞ்சம் வாங்கினால் தூக்கு என்கிறது. எதை நம்புவது? ஓட்டு வீணாகிவிடுமா? எனக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருபவர், மூன்றாவது கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் வரி மிச்சம் என்றும் சொல்கிறார்.

பதில்: யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாலுகா ஆபீசில் தேர்தல் வேலை பார்த்தே தலை நரைத்தவன், அந்தப் பழக்கம் போகாது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் நோட்டீஸ். வாக்குறுதி விநோதமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், அது சென்னைக் கோட்டையில் முடிகிற வேலையா, டெல்லியில் முடிகிற வேலையா என்று பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவது எம்.எல்.ஏ. கள், சாராயம், விவசாயம், நிலம், கால்நடை எல்லாம் மாநிலத்தின் கையில் இருப்பவை. கள்ளுக்கு இங்கே 1987-ல் தடை போட்டது மாநில அரசு, எடுக்க வேண்டுமானாலும் மாநில அரசுதான் எடுக்க வேண்டும். ஆக அந்தக் கட்சி சொல்வது உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், ஆனால் அது நடக்கக்கூடிய காரியம். மாடும் அப்படித்தான், சிரிக்காதீர்கள், 2011-லேயே விலையில்லாக் கறவை மாடும் ஆடும் கொடுத்த மாநிலம் இது. வருமான வரி? அது நாடாளுமன்றத்தின் வேலை. எம்.எல்.ஏ. தலைகீழாக நின்றாலும் ஒரு ரூபாய் குறையாது. அதை அறியாமல் அச்சடித்திருந்தால் விவரம் போதாது, அறிந்தே அச்சடித்திருந்தால் இன்னும் மோசம்.

அப்புறம், பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். இலவச டிவி, மிக்ஸி, கிரைண்டர் வாக்குறுதி பற்றிய வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தேர்தல் அறிக்கையில் வாக்குறுதிக்கான நிதி எந்த வழியில் வரும் என்று பொதுவாகவாவது காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் விதி போட்டது. பெரிய கட்சிகளே அதை ஒப்புக்குத்தான் செய்கின்றன. சின்னக் கட்சிக்காரர் வீட்டு வாசலுக்கே வருகிறார், நேராகக் கேட்க முடியும். திண்ணையில் உட்காரவைத்து, "மாடு ஒன்று என்ன விலை, தொகுதியில் எத்தனை குடும்பம்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஓட்டு வீணாகுமா என்றால், ஜெயிக்கிறவருக்குப் போட்டால்தான் ஓட்டு என்று யார் சொன்னது? 2020 கடைசியில் மக்கள் நீதி மய்யம் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்றபோது கேலி செய்தவர்கள் உண்டு. நாலே மாதத்தில் பெரிய கட்சிகளின் அறிக்கைகளில் பெண்களுக்கு மாதத் தொகை ஏறியது, 2023 செப்டம்பரில் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வந்தது. மய்யத்துக்கு ஒரு சீட்டும் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

சின்னம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல மனதோடு போய் மாற்றிக் குத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு பெற்ற கட்சி வேறு, அங்கீகாரம் பெற்ற கட்சி வேறு. பதிவு மனு போட்டு வாங்குவது, அங்கீகாரம் தேர்தலில் போதிய ஓட்டோ இடமோ வாங்கிய பிறகு ஆணையம் தருவது. அங்கீகாரம் இருந்தால்தான் சின்னம் சொந்தம். மற்றவர்களுக்குச் சின்னம் வாடகை வீடு மாதிரி, அந்தத் தேர்தலோடு சரி. 5 சதவீதத் தொகுதிகளிலாவது, அதாவது 234-ல் 12 இடங்களில் நிற்பதாக இருந்தால், எல்லா இடத்துக்கும் ஒரே சின்னம் கேட்கலாம், முதலில் கேட்டவருக்கு முதலில். கரும்பு விவசாயி சின்னத்தில் நின்று பழகிய நாம் தமிழர் கட்சியே 2024-ல் அதை வேறொரு கட்சியிடம் விட்டுவிட்டு மைக் வாங்கியது இப்படித்தான். அங்கீகாரம் கிடைத்தது அதற்குப் பிறகு. அதே தேர்தலில் பம்பரம் கேட்ட ம.தி.மு.க. திருச்சியில் தீப்பெட்டியோடு நின்று ஜெயித்தது. 12 இடத்துக்கும் குறைவாக நிற்கிற கட்சி என்றால், பக்கத்துத் தொகுதியில் அவர்களுக்கு ஒரு சின்னம், உங்கள் தொகுதியில் வேறு சின்னம் வரலாம். ஆகவே வேட்புமனு வாபஸ் முடிந்து இறுதிப் பட்டியல் வந்த பிறகுதான் சின்னத்தை மனதில் வைக்க வேண்டும். முன்னாலேயே அடித்த நோட்டீஸில் இருக்கும் சின்னம் வெறும் ஆசை.

இயந்திரத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் மேலே, பதிவு பெற்றவை அதற்குக் கீழே, கடைசியில் சுயேச்சைகள் வருவார்கள். 2023 ஈரோடு கிழக்கில் 77 பேர் நின்றார்கள், ஐந்து இயந்திரத்தை வரிசையாக வைக்க வேண்டியதாயிற்று. பெயரை மட்டும் பார்த்துக் குத்தினால் ஏமாறுவீர்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் எத்தனை ஓ. பன்னீர்செல்வம் என்று ஊரே சிரித்தது. பக்கத்தில் போட்டோ இருக்கிறது, அதைப் பாருங்கள். வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு எல்லாம் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஸ்கேன் மங்கலாகத்தான் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்த நாட்கள் எனக்கு உண்டு.

இப்போது உங்கள் ரிட்டர்ன் நண்பர். சட்டப்படி அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு, 80ஜிஜிசி என்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அவர் சொல்வது இதுவாக இருக்காது. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் இப்படித்தான் பேசினார்கள்: "நீங்க ஒரு லட்சம் பேங்க்ல அனுப்புங்க சார், ரசீது வந்துடும், அடுத்த வாரம் 95,000 கையில கொடுத்துடுவோம்." பணம் ஒரு துணிக்கடைப் பையில் வந்ததாம். கட்சியின் பெயரை மனைவியிடம் சொல்லிக்காட்டக்கூட அவருக்கு வாயில் நுழையவில்லை. வரியில் மிச்சம் பிடித்தது 20,000, அதில் கமிஷன் போக 15,000. பின்னால் வருமான வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. கட்சி அலுவலக முகவரியில் யாரும் இல்லை, தரகர் போனை எடுக்கவில்லை, ரிட்டர்னில் இருந்ததோ இவர் பெயர். பொய்யாகக் கழித்த வரி, வட்டி, அதற்கு மேல் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகலாம். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளுக்காகத்தான்.

இதற்கெல்லாம் வழி விட்டது யார் என்கிறீர்கள்? நூறு வாக்காளர்களை உறுப்பினராகக் காட்டி, 10,000 ரூபாய் கட்டினால் கட்சியைப் பதிவுசெய்ய விண்ணப்பித்துவிடலாம். பதிவை ரத்து செய்யும் அதிகாரம், மோசடி செய்து பதிவு வாங்கியது போன்ற சில விஷயங்களைத் தவிர, ஆணையத்துக்கு இல்லை என்று 2002-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆறு வருஷம் ஒரு தேர்தலிலும் நிற்காத கட்சிகளை 2025-ல் மொத்தமாகப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474. இத்தனை வருஷமாக அந்த ரசீதுப் புத்தகங்கள் யார் மேசை டிராயரில் இருந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு முதியோர் பென்ஷன் மனுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் பாட்டியை மூன்று முறை அலையவிட்டவர்கள் நாங்கள்.

மூன்றாவது கட்சியின் பெயர் அந்த நீக்கப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். இல்லையென்றாலும் உங்கள் ரிட்டர்ன் நண்பர் வழியாக ஒரு பைசா வேண்டாம். நிஜமாகவே பிடித்த கட்சிக்குக் கொடுப்பதானால் கட்சியின் பெயரில் உள்ள கணக்குக்கு நீங்களே அனுப்பி, ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யாரும் எதையும் திருப்பித் தரக்கூடாது. போன வருஷ ரிட்டர்னில் அவர் ஏற்கெனவே அப்படி எதையாவது சேர்த்துவிட்டாரா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சேர்த்திருந்தால், நோட்டீஸ் வருவதற்குள் திருத்திய ரிட்டர்ன் போட முடியுமா என்று வேறொரு ஆடிட்டரிடம் கேளுங்கள், அவரிடமே கேட்காதீர்கள்.